மடங்காத ஸ்ட்ரோலரும் வீட்டில் விட்டுப்போன கார் சீட்டும்

போன வருடம் பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாள். மூன்று வயது மகளையும் ஒன்பது மாத மகனையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குத் தனியாகப் போய் வந்தேன். கணவருக்குப் பிந்துலுவில் வேலை, அந்த மாதம் லீவு கிடைக்கவில்லை. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் இ.டி.எஸ் மின்சார ரயிலில் பட்டர்வொர்த் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அப்புறம் ஃபெரி, அப்புறம் பாட்டி வீடு இருக்கும் ஆயர் ஈத்தாம் வரை ஒரு கார். இவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன். போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், கிட்டத்தட்ட ஆயிரம் வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) நான்கு நாள் கண்ணீரும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கைப்பேசியில் பார்த்துப் பார்த்து வாங்கினேன். கைப்பையளவுக்கு மடங்கும் என்று போட்டிருந்த ஆறு கிலோ ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி) 649 வெள்ளி. மடக்குக் கட்டில் 329. மின்சாரத்தில் இயங்கும் பால் புட்டி ஸ்டெரிலைசர் 189. மேசை விளிம்பில் மாட்டும் குழந்தை நாற்காலி 119. மொத்தம் 1286 வெள்ளி. ஒவ்வொன்றையும் வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: எடை குறைவா? ஒவ்வொன்றும் தனித்தனியாக எடை குறைவுதான். துணிப் பையோடு சேர்த்து வீட்டுத் தராசில் வைத்தபோது 28 கிலோ காட்டியது. மகன் எட்டரைக் கிலோ. மகள் நடப்பாள், ஆனால் நடக்கமாட்டேன் என்று சொல்லும் நேரம் எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கணவரின் காரில் இருந்த குழந்தைக் கார் சீட்டை நான் எடுக்கவில்லை. அது பெரியது, காரின் இருக்கையிலேயே பொருத்தியிருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டுவது, தனியாகத் தூக்க முடியாதது. போகிற இடத்தில் இரண்டு மூன்று முறைதான் காரில் ஏறப்போகிறோம், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இந்த வரியை எழுதும்போது இன்றும் மனம் கூசுகிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் செந்தூலிலிருந்து எங்களை ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டு, சாமான்களையும் ரயில் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தார். ரயிலில் குறையே இல்லை. ஈப்போ தாண்டியதும் இரண்டு பேரும் தூங்கினார்கள். பட்டர்வொர்த்தில் இறங்கி, பினாங்கு சென்ட்ரல் வழியாக ஃபெரித் துறைக்கு நடக்கும் அந்த மேல்பாதையில்தான் முதல் சிக்கல். ஸ்ட்ரோலரில் மகன், கைப்பிடியில் துணிப் பை, என் தோளில் கட்டில் பை, முதுகில் மற்றவை. பாதி வழியில் மகள் தூக்கச் சொல்லி அழுதாள். குனிந்து அவளைத் தூக்க மகனை ஸ்ட்ரோலரிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்த அந்த நொடியில், கைப்பிடியில் தொங்கிய பையின் பாரத்தில் ஸ்ட்ரோலர் அப்படியே பின்பக்கம் குடைசாய்ந்தது. மகன் என் இடுப்பில் இருந்தான். இரண்டு வினாடி முன்னால் என்றால் அவன் உள்ளே இருந்திருப்பான். லேசான ஸ்ட்ரோலர் என்றால் அதன் கைப்பிடியில் எதையும் மாட்டவே கூடாது. குழந்தையின் எடைதான் அதைத் தரையில் பிடித்து வைத்திருக்கிறது, குழந்தையை எடுத்ததும் பை இழுத்துவிடும். கனமான சாமான் கீழே உள்ள கூடையில் போக வேண்டும், இல்லையென்றால் நம் முதுகில்.

ஃபெரிப் பயணம் சுகமாக இருந்தது. 2023இல் விட்ட புதிய படகுகள், குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்க்கலாம். சில நிமிடங்களில் அக்கரை வந்துவிட்டது. வெளியே வந்தால் மழை.

கைப்பேசியில் கார் அழைத்தேன். சின்னக் கார், பின்னால் மற்ற வண்டிகள் வரிசையாக. ஓட்டுநர் இறங்கி வந்து டிக்கியைத் திறந்தார், கட்டிலும் துணிப் பையும் போனதுமே பாதி இடம் நிறைந்துவிட்டது. இனி ஸ்ட்ரோலரை மடக்க வேண்டும். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒரு கையால் அழுத்த, அது பூப்போலச் சுருங்கியது. வீட்டில் நானும் இரண்டு முறை மடக்கிப் பார்த்திருந்தேன், இரண்டு கையாலும், பிள்ளைகள் தூங்கும்போது, காய்ந்த தரையில். இங்கே மகன் இடுப்பில், மகள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, கூடைக்குள் ஈரத் துணி. பொத்தானை அழுத்திக்கொண்டே பக்கவாட்டு விசையையும் இழுத்தால்தான் மடங்கும். கூடையில் பொருள் இருந்தாலும் மடங்காது, முன் சக்கரம் இரண்டும் நேராக நிற்காவிட்டாலும் மடங்காது. "காக், செப்பாட் சிக்கிட்," அக்கா, கொஞ்சம் சீக்கிரம் என்றார் ஓட்டுநர். அவர் மேல் தப்பில்லை, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவசரத்தில் காலால் மிதித்து அழுத்தினேன். சட்டென்று மடங்கியது, என் ஆள்காட்டி விரல் கீலுக்கு நடுவில்.

நகத்தின் ஓரம் கிழிந்து ரத்தம் மகனின் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவன் அழவில்லை, அதை உற்றுப் பார்த்தான். நான்தான் அழுதேன். வரிசையில் நின்ற ஒரு வயதான சீனத் தாத்தா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சினி, சினி," இங்கே கொடு என்று இரண்டு கையையும் நீட்டி மகனை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்துக்கு அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். அதற்குள் அந்தக் கார் போக வேண்டியதாயிற்று. பெரிய வண்டி ஒன்றை மறுபடி அழைத்து, 32 வெள்ளி கொடுத்து, பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால். படகிலிருந்து இறங்கியது மூன்று மணிக்கு.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. பிள்ளையோடு தூக்கிப் போகும் எந்தப் பொருளையும் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீதி ஒரே கையால் திறக்க, மூட, தூக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். எடை அதற்கப்புறம்தான். எட்டுக் கிலோ ஸ்ட்ரோலர் ஒரு கையில் மடங்கி, தானாக நிமிர்ந்து நின்று, தோளில் மாட்டப் பட்டையும் இருந்தால், ஆறு கிலோ ஸ்ட்ரோலரைவிட அது லேசு. திரும்பி வந்தபின் மிட்வேலியில் ஒரு கடைக்கு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். விற்பனைப் பெண் அழகாக மடக்கிக் காட்டினாள். "நீங்க தள்ளி நில்லுங்கம்மா, நான் மடக்கிப் பார்க்கிறேன்," என்றேன். மூன்று ஸ்ட்ரோலர்கள் என் கைக்கு மடங்கவில்லை, நான்காவது மடங்கியது. கூடையில் என் கைப்பையைப் போட்டும் ஒரு முறை மடக்கிப் பார்த்தேன். கடையில் கூச்சப்படவே கூடாது, மழையில் நடுரோட்டில் நிற்கப்போவது நாம்தான்.

ஸ்ட்ரோலரைப் பற்றி இன்னும் சில. பினாங்கின் ஐந்தடியில், அதாவது கடை வீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதையில், தள்ளிப் பார்த்தால்தான் சின்னச் சக்கரத்தின் குறை தெரியும். ஒவ்வொரு கடை வீட்டின் வாசலும் ஒவ்வொரு உயரம், நடுவில் ஒரு படி, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு சாமி மேடை. லிட்டில் இந்தியாவில் குயின் தெரு மாரியம்மன் கோவிலுக்குப் போன அன்று, தள்ளியதைவிட நான் தூக்கியதுதான் அதிகம். சாக்கடை மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பிச் சட்டத்தில் முன் சக்கரம் இரண்டு முறை மாட்டிக்கொண்டது. அப்புறம், வெயிலுக்கு ஸ்ட்ரோலரின் மேல் துணி போர்த்துவதை நிறையப் பேர் செய்கிறார்கள், நானும் செய்தேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தபோது அடுப்பு மாதிரி இருந்தது. காற்று போகாமல் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், மெல்லிய துணியானாலும் வேண்டாம். நிழலில் போங்கள், கூரையை முழுவதும் இழுக்க முடிகிற ஸ்ட்ரோலரை வாங்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் முதுகுப் பக்கம் முழுவதும் சாய்கிறதா என்றும் பாருங்கள், லேசான ஸ்ட்ரோலர்கள் பலவும் பாதிதான் சாயும்.

விமானத்தில் போகிறவர்கள் "கேபின் அளவு" என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். இங்குள்ள மலிவுக் கட்டண விமானங்களில் கைப்பெட்டிக்கு 56 × 36 × 23 சென்டிமீட்டர், ஏழு கிலோ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கேபின் அளவு என்று விற்கும் ஸ்ட்ரோலர்கள் சில, மடக்கிய பிறகும் 44 சென்டிமீட்டர் அகலம் வரும். அளவு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள்.

பாட்டி வீட்டில் அடுத்த சோதனை கட்டில். விரித்ததும் புது பிளாஸ்டிக் வாடை அடித்தது. மகன் அதில் கால் வைத்ததுமே அலறினான். மெத்தை மெலிசாக இருக்கிறதே, பிள்ளைக்கு முதுகு வலிக்குமே என்று சித்தி ஒரு கம்பளியை நான்காக மடித்து அடியில் போட்டார். அவர் அன்பாகத்தான் செய்தார், ஆனால் நான் எடுத்துவிட்டேன். அந்த மெத்தை மெலிசாக, கெட்டியாக இருப்பது வேண்டுமென்றே செய்வது. மிருதுவான எதையும் சேர்த்தால் ஓரத்தில் இடைவெளி விழும், குழந்தையின் முகம் புதைந்து மூச்சு முட்டும். தலையணையும் கூடாது. இரவு பதினொரு மணிவரை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் மதியம் பாட்டி ஒன்றும் சொல்லாமல் பரணிலிருந்து அந்தப் பழைய ஸ்பிரிங்கை எடுக்கச் சொன்னார். உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, கைலித் துணியைக் கட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "கொண்டாடி அவன," என்றார். பத்து நிமிடத்தில் தூங்கிப்போனான். தொட்டிலில் போட்டால் யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன், பாட்டி அதற்காகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். துணிக்குள் முகம் மடங்கிவிடக் கூடாது, மோவாய் நெஞ்சில் அழுந்தக் கூடாது, எழுந்து உட்காரப் பழகிய பிள்ளையைத் தனியாக விடவே கூடாது. இரவுக்கு மட்டும் கட்டில். மூன்றாம் இரவுதான் அதில் அழாமல் படுத்தான். கட்டில் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பிரித்து, காற்றாட வைத்து, வீட்டிலேயே நான்கு இரவு அதில் படுக்கவைத்திருக்க வேண்டும். அந்த விரிப்பிலும் நம் வீட்டு வாசனை ஏறியிருக்கும்.

ஸ்டெரிலைசரை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. பாட்டி வீட்டில் இட்லிப் பானை இருந்தது. சூடு தாங்கும் புட்டிகளை முழுவதும் மூழ்கும்படி தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் வேலை முடிந்தது. பயணத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு நல்ல வெந்நீர் ஃப்ளாஸ்க், பால் மாவை அளந்து போட்டுக்கொள்ளும் அடுக்கு டப்பா, நான்கு புட்டிகள். மாவைக் கரைக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, பிறகு குழாய்த் தண்ணீரில் புட்டியை ஆற்றிக்கொள்ளலாம். வீட்டிலேயே கரைத்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. தாய்ப்பால் எடுத்துப் போகிறவர்கள் உறைந்த ஐஸ் பொதிகளோடு குளிர்ப் பையில் வைத்தால் ஒரு நாள்வரை தாங்கும்.

மேசையில் மாட்டும் நாற்காலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போட்ட மேசை, நடுவில் ஒற்றைக் கால் உள்ள வட்ட மேசை, மடக்கு மேசை எதிலும் அதை மாட்டக் கூடாது என்று அதன் தாளிலேயே இருக்கிறது. பாட்டி வீட்டில் கண்ணாடி மேசை, பிறந்தநாள் மண்டபத்தில் மடக்கு மேசை. 119 வெள்ளி.

இப்போது கார் சீட். மூன்றாம் நாள் காலை தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குச் சித்தப்பா காரில் கிளம்பினோம். இருபது வருடப் பழைய கார், பின்னால் நான், மடியில் மகன், பக்கத்தில் மகள், அவளுக்குப் பெரியவர்களின் சீட் பெல்ட் பட்டை. வீட்டை விட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இடப்பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். என் கை முழுப் பலத்தோடுதான் மகனைப் பிடித்திருந்தது. அப்படியும் அவன் என் கையிலிருந்து வழுக்கி முன்னால் போய், நெற்றி முன் இருக்கையின் முதுகில் போய் இடித்தது. மகள் பட்டைக்கு அடியில் நழுவி, கால் வைக்கும் இடத்தில் போய் விழுந்தாள், பட்டையின் மேல்பகுதி அவள் கழுத்தை உரசிச் சிவந்த கோடு. வேகம் முப்பதோ நாற்பதோதான் இருக்கும். இரண்டு பேருக்கும் வேறு ஒன்றும் இல்லை. சித்தப்பா காரை ஓரம் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மலையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படி, எனக்குப் பாதிவரை கால் நடுக்கம் நிற்கவில்லை.

28 கிலோ சாமானைச் சுமந்து வந்தவள், பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைக்கும் ஒரே பொருளைக் கனம் என்று வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். மலேசியாவில் சொந்தக் கார்களில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம். அது எனக்குத் தெரியாததல்ல. பண்டிகை நாளில், சொந்தக்காரர் காரில், பத்து நிமிடப் பயணத்தில் அது நினைவுக்கு வருவதில்லை, அதுதான் உண்மை. அன்று சாயந்திரமே சித்தப்பாவின் மருமகள் தன் பிள்ளைகளின் இரண்டு இருக்கைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். இரவல் வாங்குவதென்றால் நன்றாகத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள். விபத்தில் அடிபட்ட சீட்டா, பட்டை மாற்றியதா என்பது தெரியாத பழைய சீட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், வெளியே ஒன்றும் தெரியாது.

பயணத்துக்கென்று வாங்குகிறவர்கள் ஐசோஃபிக்ஸ் இல்லாமல் காரின் பட்டையாலேயே கட்டக்கூடியதைத் தேடுங்கள், போகிற ஊரில் எந்தக் கார் வரும் என்று நமக்குத் தெரியாது. அப்படிப்பட்டவை நான்கைந்து கிலோவிலேயே கிடைக்கின்றன. ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் ஆரஞ்சு வில்லை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்129 முறையில் குறைந்தது பதினைந்து மாதம்வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும், காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் அப்படி வைக்கவே கூடாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு வெறும் பூஸ்டர் பலகை போதாது, தோள்பட்டைகளோடு கூடிய இருக்கைதான் வேண்டும். கட்டி முடித்த பிறகு, பட்டை போகும் இடத்தில் கையை வைத்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் மறுபடி கட்டுங்கள். முதல் தடவை எனக்கு இருபது நிமிடம் பிடித்தது.

நான்கு நாளும் என்னைக் காப்பாற்றிய பொருள் எது தெரியுமா? கிளம்புவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு அக்கா, "இதையும் வச்சுக்கமா," என்று கொடுத்த, குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பழைய துணிக் கேரியர். கோவில் படியெல்லாம் மகன் என் நெஞ்சோடு. குழந்தையின் முட்டி இரண்டும் இடுப்பைவிட உயரமாக, தவளை உட்காருவதுபோல் இருக்க வேண்டும், கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. குனிந்தால் அவன் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில், முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரியும்படி. நம் ஊர் வெக்கைக்கு வலைத்துணி வைத்ததாகப் பாருங்கள். இரண்டு கையும் எனக்குத் திரும்பக் கிடைத்தது அதனால்தான். ஒரு கை மகளுக்கு, ஒரு கை பைக்கு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோலரை 280 வெள்ளிக்கு விற்றேன், மடிக்கும்போது விரல் பத்திரம் என்று வாங்கியவரிடம் சொல்லித்தான் விற்றேன். ஸ்டெரிலைசர் 60. நாற்காலியை, மரச் சாப்பாட்டு மேசை வைத்திருக்கும் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். கட்டிலைச் சேர்க்காமல் நஷ்டம் 617 வெள்ளி. இரண்டு மாதம் கழித்துப் பிந்துலுவுக்குப் போனபோது கையில் மூன்றே பொருள்: கேரியர், புது ஸ்ட்ரோலர், பட்டையால் கட்டும் இருக்கை ஒன்று. மகளுக்கான இருக்கையைக் கணவர் அங்கேயே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

கட்டில் பாட்டி வீட்டிலேயே இருக்கிறது. அடுத்த மாதம் என் தங்கை அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறாள். இப்போதே விரித்துக் காற்றாட வைக்கும்படி பாட்டியிடம் சொல்லிவிட்டேன். சித்தப்பா காரில் எந்தப் பக்கப் பட்டை நன்றாக இறுகுகிறது என்பதையும் தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.